ஆறடி நாலங்குல மாப்பிள்ளையும் ஒரு சக்கர வீடும்

பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை எங்கள் வீட்டு நிலையில் முட்டிக்கொண்டார். அருப்புக்கோட்டைப் பக்கம் அப்பா காலத்தில் கட்டிய வீடு. வாசல் நிலையின் உயரம் ஐந்தே முக்கால் அடிதான். குனிந்து நுழைவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம். பொள்ளாச்சியிலிருந்து வந்தவருக்கு அது எப்படித் தெரியும்? 'ணங்' என்று சத்தம் கேட்டதும் கூடமே அமைதியாகிவிட்டது. சகுனம் என்று யாரோ வாயெடுப்பதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள்: "நிலையில முட்டுனவர் நிலைச்சு நிப்பார்." கல்யாணம் முடிந்து பதினாறு வருஷம் ஆகிறது.

மாப்பிள்ளை ஆறடி நாலு அங்குலம். பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பனைமரம். ரயிலில் சைடு லோயர் கிடைத்தால் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். விடியும்வரை டீக்காரர், டி.டி.ஆர்., பாத்ரூம் போகிறவர் என்று ஆளுக்கொரு இடி கொடுப்பார்கள். ஸ்லீப்பர் பஸ் என்றால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கிடப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சக்கர வீடு வாங்கப் போகிறேன், கூட வாங்க மாமா என்று கூப்பிட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

நோவை, மிச்சிகன்

மகள் குடும்பம் இருப்பது டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே, நோவை என்ற ஊரில். கோடை வந்தால் தெருவுக்கு இரண்டு வீட்டு வாசலிலாவது வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு வண்டி நிற்கும். கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் ஞாபகம் வரும். இங்கே பள்ளி ஆசிரியர், தபால்காரர், ஓய்வுபெற்ற நர்ஸ் எல்லோரும் தங்கள் காருக்குப் பின்னால் கட்டில், அடுப்பு, கக்கூஸ் உள்ள சின்ன வீட்டை இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுகிறார்கள். டிராவல் டிரெய்லர் என்று பெயர்.

மாப்பிள்ளை இதுவரை கூடாரம் அடித்துத்தான் தங்கியிருக்கிறார். படுத்தால் பாதம் கூடாரத் துணியை முட்டும். விடியற்காலை பனியில் துணி நனைந்து, காலுறை நனைந்து, தும்மலோடு எழுந்திருப்பார். "லேசா இருக்கோணும், நான் நிமிர்ந்து நிக்கோணும். அவ்வளவுதானுங்க மாமா" என்றார். கேட்பதற்குச் சின்ன ஆசை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுகிறவை. கூரையை நாலு அங்குலம் தூக்கினால் நாலு பக்கச் சுவரும் வளரும், எடை கூடும். அதைவிட முக்கியம், எதிர்க்காற்றில் மோதும் பரப்பு கூடும். நெடுஞ்சாலையில் பெட்ரோலைக் குடிப்பது பாதி காற்றுதான். எடையை மட்டும் பார்த்தால் கண்ணீர்த்துளி வடிவத்தில் குட்டி வண்டிகள் இருக்கின்றன. உள்ளே படுக்க மட்டும்தான் முடியும்; பின்புறம் மூடியைத் தூக்கி, வெளியே நின்று சமைக்க வேண்டும். பார்க்க அழகு. மாப்பிள்ளைக்கு அது பாம்புக் கூடை.

அவருடைய டொயோட்டா ஹைலேண்டர் 5,000 பவுண்டு வரை இழுக்கும் என்பது கம்பெனிக் கணக்கு. நம் கணக்கில் சுமார் 2,270 கிலோ. முழுக்க நம்பக் கூடாது, மூன்றரை ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்பது மாப்பிள்ளையின் கணக்கு. ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டிருந்தார்: நிற்க, படுக்க, குளிக்க, எடை. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் அவர், மகள், பதினாலு வயதுப் பேத்தி, நான் என்று நாலு பேர் கிளம்பினோம். என் மனைவி முட்டி வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டு, புளியோதரையும் இட்லிப்பொடியும் கட்டிக்கொடுத்தாள். பேத்தி இப்போதே ஐந்தடி ஒன்பது. நோட்டில் அவளுக்கும் ஒரு வரி ஒதுக்கலாமே என்றேன். அவள் முறைத்தாள்.

எல்க்ஹார்ட், இண்டியானா

சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ அப்படி எல்க்ஹார்ட்டுக்கு இந்தச் சக்கர வீடுகள். அமெரிக்காவில் ஓடுகிற இந்த வகை வண்டிகளில் பத்துக்கு எட்டு இண்டியானா மாநிலத்தில், பெரும்பாலும் இந்த ஊரைச் சுற்றித்தான் பிறக்கின்றன. சாலையின் இரண்டு பக்கமும் சன்னல் இல்லாத நீளமான தகரக் கொட்டகைகள். அவற்றின் முன்னால் பிரசவ வார்டுத் தொட்டில்கள் மாதிரி வரிசை வரிசையாகப் புது வண்டிகள்.

சுங்கச் சாலையை ஒட்டி இந்தத் தொழிலுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 1913-ஆம் ஆண்டின் டிரெய்லர் ஒன்றை, பழைய ஃபோர்டு மாடல் டி காருக்குப் பின்னால் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். மரச்சட்டமும் துணியும், நம் ஊர்க் கூண்டு வண்டிக்கு அமெரிக்கச் சித்தப்பா மகன். ஹாலிவுட் நடிகை மே வெஸ்ட்டைப் படத்தில் நடிக்கச் சம்மதிக்க வைக்க, 1931-இல் ஸ்டுடியோக்காரர்கள் செய்து கொடுத்த வீட்டுக்காரும் அங்கே நிற்கிறது. பின்பக்கம் சின்னத் திண்ணை வைத்திருக்கிறார்கள். கேரவன் என்றால் நடிகர் வண்டி என்று நாம் நினைப்பதில் தப்பில்லை, நூறு வருஷம் கழித்து அது தபால்காரருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஊருக்கு வெளியே ஒரு விற்பனை மைதானத்துக்குப் போனோம். முந்நூறு வண்டிகளாவது இருக்கும். விற்பனைப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது, உயரம் என் தோள்வரை. மாப்பிள்ளையை அண்ணாந்து பார்த்துவிட்டு, தானாகவே டேப்பை எடுத்து வந்தாள். கெட்டிக்காரி.

முதல் வண்டியின் விவரச்சீட்டில் உட்கூரை ஆறடி ஆறு என்று போட்டிருந்தது. பொய்யில்லை. மாப்பிள்ளை உள்ளே நின்றார். தலைக்கு மேல் இரண்டு அங்குலம் மிச்சம். முகம் மலர்ந்தது. இரண்டு எட்டு நடந்தார். நடுக்கூரையில் ஏசியின் அடிப்பெட்டி மூன்று அங்குலம் தொங்குகிறது. நேராக நெற்றிப்பொட்டில். இதைத் தாண்டித்தான் படுக்கைக்குப் போக வேண்டும். விவரச்சீட்டு சொல்வது கூரையின் உயரத்தை. ஆள் வாழ்வது கூரைக்குக் கீழே தொங்குகிறவற்றுக்கும் கீழே. அதற்கு நேர்மாறாக, காற்றாடி வைத்திருக்கும் இடத்தில் கூரை இரண்டு மூன்று அங்குலம் மேலே குழிந்திருக்கிறது. அடுப்புக்கு நேர்மேலே அந்தக் குழி அமைந்தால் நெட்டை ஆள் நிமிர்ந்து நின்று தோசை ஊற்றலாம். "கூரையிலகூட மேடு பள்ளம் பார்க்கணும்போல" என்றாள் மகள்.

அடுத்தது படுக்கை. குயின் சைஸ் என்று எழுதியிருந்தது. வீட்டில் போடும் குயின் கட்டில் 80 அங்குல நீளம். டிரெய்லர்க்காரர்களின் குயின் வேறு ராணி; 74 அல்லது 75 அங்குலம்தான். மாப்பிள்ளை 76. காலணியைக் கழற்றிவிட்டுப் படுத்தார். குதிகால் இரண்டும் மெத்தைக்கு வெளியே. குறுக்கே படுத்தால் சரியாக வந்தது. "அப்ப நான் எங்க படுக்கிறது?" என்று கேட்டாள் மகள்.

குளியலறைச் சோதனைதான் உச்சம். தண்ணீர் இல்லாத ஷவருக்குள் காலுறையோடு ஏறி நின்றுகொண்டு, கதவைச் சாத்தி, கண்ணை மூடி, இல்லாத ஷாம்புவை இல்லாத நுரை பொங்கத் தேய்த்தார். இடது முழங்கை சுவரில் இடித்தது. வலது முழங்கை கதவைத் திறந்துவிட்டது. தலை மட்டும் தப்பியது, ஷவருக்கு மேலே பிளாஸ்டிக் குமிழி வைத்து வெளிச்சத்துக்கு வழி விட்டிருந்தார்கள், அதற்குள் தலை போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்த பேத்தி, குமிழிக்குள் அப்பாவின் முடி தெரிகிறது, மீன்தொட்டி மாதிரி இருக்கிறது என்று படம் எடுத்தாள். பிறகு கக்கூஸில் கதவைச் சாத்தி உட்கார்ந்தார். சாத்த முடியவில்லை. முழங்கால் தடுத்தது.

"எல்லாரும் டி.வி. எத்தனை இஞ்ச் என்றுதான் கேட்பார்கள். கக்கூஸில் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள்தான்" என்றாள் விற்பனைப் பெண். பதினொரு வண்டி பார்த்தோம். நோட்டின் முதல் மூன்று கட்டமும் நிறைந்த வண்டி ஒன்று இருந்தது. காலி எடையே 4,600 பவுண்டு.

காலி எடை என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதில் தண்ணீர் சேராது, கேஸ் சேராது, பாத்திரம் பண்டம் சேராது. சில கம்பெனிகளில் பேட்டரிகூடச் சேராது. ஒரு காலன் தண்ணீர் எட்டே கால் பவுண்டுக்கு மேல். முப்பது காலன் தொட்டியை நிரப்பினால் 250 பவுண்டு, அதாவது கூடுதலாக ஒரு குண்டு மாமனார்.

மிடில்பரி

எல்க்ஹார்ட்டிலிருந்து கிழக்கே அரை மணி நேரம். அங்கே போனதும் சாலையின் ஓரத்தில் குதிரைச்சாணம் தெரிய ஆரம்பித்தது. ஆமிஷ் கிறிஸ்தவர்களின் ஊர். கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. கறுப்புக் குதிரைவண்டிகளில் போகிறார்கள். கடை வாசலில் கார்களுக்குக் கோடு போட்டிருப்பது போலவே குதிரை கட்டக் கம்பி போட்டிருக்கிறார்கள். இளவட்டங்கள் வைக்கோல் தொப்பியோடு பேட்டரி சைக்கிளில் பறக்கிறார்கள். அதற்கு அனுமதி உண்டாம்.

இதில் வேடிக்கை, காரே வைத்துக்கொள்ளாத இந்த ஆமிஷ்காரர்களில் ஏராளமானோர் காருக்குப் பின்னால் இழுக்கும் வண்டியைச் செய்யும் தொழிற்சாலைகளில்தான் வேலை பார்க்கிறார்கள். சாப்பிடப் போன இடத்தில் பக்கத்து மேஜைக்காரர் அப்படிப்பட்டவர். மீசை இல்லாத வெள்ளைத் தாடி, கைகள் நம் ஊர் ஆசாரியின் கைகள். இருபத்திரண்டு வருஷம் அலமாரி, கட்டில் பொருத்தும் பிரிவில் இருந்தாராம். விடியுமுன் நாலரைக்கு வேலை தொடங்கும், மத்தியானம் வீடு திரும்பி வயலைப் பார்ப்பாராம். 2009-இல் தொழில் படுத்தபோது இந்த வட்டாரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தப் பிப்ரவரியில் ஒபாமாவே நேரில் வந்து பேசினார். "நாங்கள் அப்போது மாட்டைப் பார்த்துக்கொண்டோம்" என்றார் அவர்.

வண்டி எப்படிக் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். நாம் வீடு கட்டினால் சுவர், கூரை, பிறகுதான் அலமாரி. இவர்கள் தலைகீழ். முதலில் தரை. தரைமேல் அலமாரி, அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். அதற்குப் பிறகு சுவரைத் தூக்கி வந்து சுற்றிலும் பொருத்தி, மேலே கூரையை இறக்குவார்கள். பண்டம் பாத்திரத்தைப் பரப்பிவிட்டு அதைச் சுற்றி வீடு கட்டுவது! கட்டில் ஏன் குட்டை என்று மாப்பிள்ளை குறையாகக் கேட்டார். பெரியவர் மேஜைமேல் இரண்டு கையையும் வைத்து, ஒன்றை மெல்ல நகர்த்திக் காட்டினார். "கட்டிலில் வெட்டிய அந்த ஆறு அங்குலத்தில்தான் நடக்க வழி விட்டோம்."

நாங்கள் செய்த கட்டிலில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை, அதெல்லாம் இங்கிலீஷ்காரர்களுக்கு என்றும் சொன்னார். ஆமிஷ் அல்லாத எல்லோருமே அவர்கள் பேச்சில் இங்கிலீஷ்காரர்கள். அறுபத்தெட்டு வயதில், அருப்புக்கோட்டைக்காரனான என்னை இங்கிலீஷ்காரன் ஆக்கிய ஒரே மனிதர் அவர்தான்.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழிக்குழம்பில் வெந்த நூடுல்ஸ். மாவின்மேல் மாவு. இடியாப்பத்தை உருளை மசியலில் புரட்டிக் கொடுத்தது மாதிரி. வயிறு நிறைந்தது, நாக்கு கேட்டது. மகள் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வெளியே வந்தது. ஆனால் கடைசியில் வந்த சர்க்கரை-பாலேடு பை, இண்டியானாக்காரர்கள் தங்களுடையது என்று கொண்டாடுவது, அதற்கு ஊறுகாய் தேவைப்படவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கொஞ்சம் இளக்கி, மொறுமொறு மாவுக் கிண்ணத்தில் ஊற்றிச் சுட்டது போல இருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். மருந்து மாத்திரையை அன்று மகள்தான் எண்ணிக் கொடுத்தாள்.

33-ஆம் எண் சாலை, வாபகோனெட்டா

மறுநாள் 33-ஆம் எண் சாலையில் தென்கிழக்கே இறங்கினோம். கோஷன், ஃபோர்ட் வெய்ன், பிறகு ஒஹாயோ எல்லை. இருபுறமும் சோளம் காய்ந்து பழுப்பாக நிற்கிறது. சோயா வயல் மஞ்சள். மேடு பள்ளமே இல்லை. கோவில்பட்டி கரிசலை இழுத்து இழுத்து நூறு மடங்காக்கினால் இப்படி இருக்கும், ஆனால் மண் கண்ணில் படாது, மனிதரும் கண்ணில் பட மாட்டார். ஒரு ராட்சத அறுவடை இயந்திரம், அதற்குள் ஒற்றை ஆள், அவ்வளவுதான். களத்துமேடும் கூலிக்கு நிற்கும் கூட்டமும் இல்லாத அறுவடை எனக்கு அறுவடையாகவே தோன்றவில்லை.

செயின்ட் மேரிஸ் தாண்டும்போது ஒரு பண்ணை வீட்டு வாசலில் சின்ன டிரெய்லர் ஒன்றும், விற்பனைக்கு என்று கையால் எழுதிய அட்டையும் கண்ணில் பட்டன. நிறுத்தவில்லை.

வாபகோனெட்டா, நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் ஊர். அவர் பெயரில் 1972-இல் திறந்த அருங்காட்சியகத்தில், 1966-இல் அவரும் டேவிட் ஸ்காட்டும் பறந்த ஜெமினி 8 விண்கலத்தை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்த பெட்டி. மாப்பிள்ளை அதைச் சுற்றி இரண்டு முறை வந்தார். அமெரிக்கா முதன்முதலில் மெர்குரி திட்டத்துக்கு ஆள் எடுத்தபோது, ஐந்தடி பதினொரு அங்குலத்துக்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. கலம் அவ்வளவு சிறிசு. "நிலாவுக்குக்கூட என்னைய ஏத்த மாட்டாங்க மாமா" என்றார்.

ஜாக்சன் சென்டர்

வாபகோனெட்டாவுக்குத் தெற்கே கார் பயணம் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஊரே ஒரு தொழிற்சாலை. 1952 முதல் ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளிநிற அலுமினிய டிரெய்லர்கள் இங்கே உருவாகின்றன. இங்கே கதை வாபகோனெட்டாவோடு ஒட்டுகிறது. 1969-இல் அப்போலோ 11 திரும்பி வந்தபோது, நிலவிலிருந்து ஏதாவது கிருமி வந்துவிடுமோ என்ற பயத்தில் மூன்று பேரையும் கப்பலிலேயே ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். அதிபர் நிக்சன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்று பேசிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டி, மாற்றி அமைத்த ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர். நிலவுவரை போன பக்கத்து ஊர்க்காரர் வந்து அடைபட்டது பக்கத்து ஊர்க் கம்பெனி வண்டிக்குள்.

நிறுவனர் வாலி பையம். மனைவிக்குத் தரையில் கூடாரம் போட்டுப் படுப்பது பிடிக்கவில்லை என்பதால்தான் அவர் 1920-களில் முதல் வண்டியைச் செய்தார் என்பார்கள். எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு யோசனை. அன்றைய வண்டிகளில் தரை சக்கர அச்சுக்கு மேலே இருக்கும். உள்ளே குனிந்துதான் நடக்க முடியும். இவர் தரையைச் சக்கரங்களுக்கு நடுவே கீழே இறக்கி, கூரையை மேலே ஏற்றினார். மனிதன் டிரெய்லருக்குள் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தது அப்போதுதான். 1936-இல் கிளிப்பர் என்ற பெயரில் வந்த வண்டியின் விலை 1,200 டாலர். 1959-இல் பையம் ஒரு கூட்டத்தையே சேர்த்துக்கொண்டு ஆப்பிரிக்காவின் கேப் டவுனிலிருந்து கெய்ரோவரை டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தோம். அலுமினிய ஓட்டின் வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியோடு நிற்கிறார். உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை அதே இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. தடதடவென்று சத்தம், ஒரு ரிவெட் முடிந்தது. அடுத்ததற்கு இருவரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள், பேச்சே இல்லை. மேளக்காரரும் நாதஸ்வரக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே இடத்தில் வந்து நிற்பார்களே, அப்படி. எல்க்ஹார்ட் முறைக்கு நேர் எதிராக இங்கே முதலில் ஓடு முழுசாக முடிந்துவிடுகிறது; அதற்குப் பிறகு உள்ளே போகிற அலமாரி, கட்டில் எல்லாமே வாசல் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும்.

உள்ளே நிற்க இடம் இருந்தது. வளைந்த கூரை என்பதால் நடுவில் உயரம், ஓரத்தில் தோளைத் தொடும் வளைவு. பிள்ளையார் கோயில் கருவறையில் நிற்பது போல, நடுவில் நின்றால் பாதுகாப்பு. மாப்பிள்ளை ஒரு குட்டி வண்டியின் விலைச்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சீட்டை மெதுவாகத் திருப்பி வைத்தார். "சரி மாமா, அந்தப் பண்ணை வீட்டுக்கே போவோம்."

செயின்ட் மேரிஸ்

கதவைத் திறந்தவர் மாப்பிள்ளையைவிட ஓர் அங்குலம் உயரம். எண்பதை நெருங்கிய விவசாயி. இரண்டு பேரும் ஒரே மட்டத்தில் கண்ணோடு கண் பார்த்துக் கைகுலுக்கியதை நான் கீழிருந்து பார்த்தேன். அந்த மாதிரிச் சந்திப்பு மாப்பிள்ளைக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

விலை, வருஷம் எதையும் சொல்லவில்லை அவர். "போய்ப் படுத்துப் பார்" என்றார்.

படுத்தார். கால் நீட்டினார். இன்னும் நீட்டினார். பாதத்துக்கு அப்பால் மெத்தை மிச்சம் இருந்தது. கிழவர் காலடியில் இருந்த சின்ன அலமாரியைக் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு அங்குலம் பலகை சேர்த்து, கட்டிலை 82 அங்குலம் ஆக்கியிருக்கிறார். உட்கூரை ஆறடி ஆறு. ஏசியைக் கூரையில் வைக்காமல் பின்சுவரின் அலமாரிக்குள் தள்ளியிருக்கிறார். ஷவருக்கு மேலே குமிழி உண்டு. கக்கூஸ் கதவை எடுத்துவிட்டு, மடங்கும் திரை. முழங்கால் எவ்வளவு வேண்டுமானாலும் வெளியே வரலாம். முட்டி தேய்ந்துவிட்டதால் இனிமேல் இழுத்துக்கொண்டு போக முடியாது என்றார் அவர் மனைவி.

மாப்பிள்ளை சந்தோஷத்தில் மயங்கிவிடவில்லை. தரையின் நாலு மூலையையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். கூரை ஒழுகியிருந்தால் மூலையில்தான் பலகை பஞ்சாகியிருக்கும். கெட்டியாக இருந்தது. பிறகு மண்டியிட்டு டயரின் ஓரத்தில் உள்ள எண்ணைப் படித்தார். கடைசி நாலு இலக்கம் 2217. அதாவது 2017-ஆம் வருஷம் 22-ஆவது வாரத்தில் செய்த டயர். பூ தேயவே இல்லை, புதுசு மாதிரி இருந்தது. ஆனால் டிரெய்லர் டயர் ஓடாமலே வயதாகிச் சாகும்; நெடுஞ்சாலை வெயிலில் வெடிக்கும். டயர் மாற்றாமல் நகர மாட்டேன் என்றார். கிழவர் மனைவியைப் பார்த்தார். அம்மாள் ஒரு தொகையைக் குறைத்தார். பேரம் அத்தோடு முடிந்தது.

புது டயர் மாட்டிய பிறகு, வண்டியைக் காரோடு கோர்க்கும்போதுதான் எனக்கு வேலை வந்தது. டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கிழவர் விளக்கினார். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதம். குறைந்தால் பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும், ஓட்டுகிறவர் கையில் நிற்காது. கூடினால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முன்பாரம், பின்பாரம்! பருத்தி மூட்டை ஏற்றிய பிறகு அப்பா நுகத்தடியைத் தோளால் தூக்கிப் பார்ப்பார். லேசாக இருந்தால் பின்பாரம். ஏற்றத்தில் மாட்டின் கழுத்துக்கயிறு இறுகும். கனத்தால் முன்பாரம், மாடு கழுத்தொடிந்து படுக்கும். இரண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்திச் சரிக்கட்டுவார். அதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். கிழவர் சிரித்துக்கொண்டே, தன் தாத்தா குதிரை வண்டியில் சோள மூட்டையை அப்படித்தான் நகர்த்துவார் என்றார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர்க் குடத்தையும் மடக்கு நாற்காலிகளையும் அச்சுக்கு முன்னால் மாற்றினோம். எடைக்கருவி மூக்கின் எடை 360 பவுண்டு என்று காட்டியது.

மாமி பே, ஈரி ஏரிக்கரை

75-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது லாரிகள் நிற்கும் இடத்தில் எடை மேடை இருந்தது. நம் ஊரில் கரும்பு லாரி ஏறி நிற்குமே, அதேதான். ஆனால் இங்கே முன்சக்கரம், பின்சக்கரம், டிரெய்லர் சக்கரம் மூன்றையும் தனித்தனியாக நிறுத்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். 2,520, 2,960, 2,980. கடைசி எண்ணோடு மூக்கின் 360-ஐக் கூட்டினால் டிரெய்லர் மொத்தம் 3,340 பவுண்டு. மாப்பிள்ளை அந்தச் சீட்டைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் போல மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

டொலிடோவுக்குக் கிழக்கே, ஈரி ஏரிக்கரையில் உள்ள அரசுப் பூங்காவில் அன்றிரவு தங்கினோம். தண்ணீருக்கு அக்கரை தெரியவில்லை. அலை அடிக்கிறது, உப்புவாடை மட்டும் இல்லை. வழியில் வாங்கிய பெர்ச் மீனைப் பேத்தி மிளகாய்த்தூள் தடவி வறுத்தாள். மாப்பிள்ளை அடுப்படியில் நிமிர்ந்து நின்று ரசம் வைத்தார். பக்கத்துத் தளத்தில் இருந்த தம்பதி வாசனை பிடித்து எட்டிப் பார்க்க, ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தோம். ரசத்தை அவர்கள் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மீனை நாங்கள்தான் தீர்த்தோம்.

எனக்குச் சாப்பாட்டு மேஜையை இறக்கிப் போட்ட படுக்கை. ஐந்தடி ஐந்து ஆளுக்கு அது தாராளம். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை கால் நீட்டித் தூங்கினார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் எந்த வண்டியிலும் அவர் கால் மடக்காமல் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

கிழவரால் மாற்ற முடியாதது ஒன்று இருந்தது. வண்டியின் வாசல் கதவு. அதன் உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். நான் ஊருக்கு விமானம் ஏறும்வரை மாப்பிள்ளை அதில் நாலு முறை முட்டிக்கொண்டார்.